மூன்றாம் தண்ணீர்

எங்கள் ஊர்ச் சந்திச் சிலையின் கையில் இருக்கும் காயத்தைப் பற்றி விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி யாழினி ரீச்சர் கேட்டு இரண்டு மாதமாகிறது. நாலு தரம் எழுதி நாலையும் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டத்தான் வேண்டுமென்றால் ரீச்சர் எதை வேண்டுமானாலும் வெட்டட்டும். மணல் கழுவிய கதையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். சந்தியில் பதினொரு அடி உயரத்தில் ஒரு சீமெந்துப் பெண் நடந்துகொண்டிருக்கிறாள். தலையில் மூட்டை, வலது இடுப்பில் குடம், இடது இடுப்பில் குழந்தை. சண்டைக் காலத்தில் செய்த சிலை. குழந்தையை அணைத்திருக்கும் இடக்கையில் முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை ஒரு வெடிப்பு இருக்கிறது. ஷெல் துண்டு பட்ட காயம் என்று ஊர் சொல்கிறது. ஒவ்வொரு வருடமும் விளக்கேற்றும் நாளில் அந்தக் கையில் மஞ்சள் தண்ணீரில் நனைத்த சீலைத் துண்டுகளைக் கட்டுகிறார்கள். வெளியூர்களிலிருந்தும் வந்து கட்டுகிறார்கள். அந்தச் சிலையைச் செய்த இரண்டு பேரில் மிஞ்சியிருப்பவன் நான்.

இந்த வருடம் மழைக்குப் பிறகு அந்தக் கையிலிருந்து சிரட்டை அளவில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம், விழாவில் பள்ளிப் பிள்ளைகள் நின்று பாடுகிற இடம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கை ஏன் வெடித்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் பாக்கியம் என்ற ஒருத்தி இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றை அவளிடமிருந்து பிடுங்கியதாகும். சொல்லாமல் மேலால் பூசிவிட்டுப் போனால் கை ஒரு நாள் பிள்ளைகளின் தலையில் இறங்கும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். என் அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு, கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டியவர். எனக்கு மண்வெட்டி ஒத்துவரவில்லை. பதினேழு வயதில் கோபுர வேலைக்காரர்களோடு போய்ச் சேர்ந்து ஆறு வருடம் சுதை வேலை படித்தேன். படித்தேன் என்பது கொஞ்சம் பெரிய சொல்தான். இரண்டு வருடம் சாந்து குழைத்தேன். மூன்றாம் வருடம் பூதகணங்களுக்குக் கால்விரல் செய்ய விட்டார்கள். கிளிநொச்சியில் ஒரு சிலைப் பட்டறை தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது, கால்விரலில் நான் மன்னன், மற்றதெல்லாம் பூச்சியம்.

அங்கேதான் தில்லையம்பலம் மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். நாள் முழுக்கச் சீமெந்தோடு நின்றாலும் வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டுப் படாது. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வேலை நடக்கும்போது சிலையின் காலடியில் குந்தியிருந்து அண்ணாந்து பார்ப்பார். "சிலையைச் சனம் கீழ நிண்டுதான் பாக்கும். நீ ஏணியில நிண்டு பாத்து என்ன பிரயோசனம்? இறங்கு" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கிக்கொண்டே போகும். ஒன்றுமே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால் அன்றைக்கு நான் முடிந்தேன் என்று அர்த்தம்.

அந்த நாட்களில் நாங்கள் நிறையச் சிலைகள் செய்தோம். முக்கால்வாசியும் நிமிர்ந்து நிற்கும் ஆண்கள். ஒரு நாள், அப்போது வன்னியை நடத்திய நிர்வாகத்திலிருந்து ஒரு பொறுப்பாளர் வந்து, எங்கள் சனம் எத்தனை அடி விழுந்தாலும் முறியாது என்று காட்டுகிற மாதிரி ஒரு சிலை வேண்டும், இடம்பெயர்ந்து போகிறவர்கள் எல்லாரும் கடக்கிற சந்தியில் வைக்க வேண்டும் என்றார். மாஸ்டர் கடதாசியில் கீறிக் காட்டினார். தலையில் மூட்டை, இரண்டு இடுப்பிலும் பாரம், நடக்கிற பெண்.

வந்தவர் கடதாசியைக் கையில் வாங்கினார். "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா ஒரு கையை முட்டி பிடிச்சு உயர்த்தினா இன்னும் உறுதியா இருக்கும்."

"ஒரு கையில குடம், மற்றக் கையில பிள்ளை" என்றார் மாஸ்டர். "முட்டி பிடிக்க எந்தக் கையை விடச் சொல்லுறீங்கள்?"

வந்தவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் பட்டறையிலிருந்து இந்தச் சந்திக்கு வந்து, பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுத் தங்கி வேலையைத் தொடங்கினோம்.

சீமெந்து கிடைக்காத காலம் அது. மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பெண்கள் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் புறம்பாகப் போடுவார்கள் அல்லவா? அதே மாதிரி, வீட்டில் கிணற்றுக்கட்டுக்கென்று சீமெந்து ஒளித்து வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு சுண்டு, ஒரு சின்னப் பேணி அளவு, தர வேண்டும் என்று கேட்டார். பால்மாப் பேணியிலும் சீலைத் துணியிலும் கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் கொண்டுவந்தது ஈரம் பட்டுக் கல்லாகிப்போன சீமெந்து. அது குப்பைக்குத்தான் ஆகும். மாஸ்டர் அதையும் இரண்டு கையாலும் வாங்கினார். அடித்தளக் குழிக்குள் கற்களோடு கல்லாகப் போட்டோம். கொடுத்த ஆளுக்குத் தன் சீமெந்தும் உள்ளே இருக்கிறது என்பது போதும் என்றார்.

இனி மணல். சிலைக்கு ஆற்று மணல் வேண்டும். பாதை பூட்டியிருந்தது. கிடைத்தது கடல் மணல்தான். அதிலிருக்கிற உப்பு உள்ளே போனால் கம்பி துருவேறிக் கறள் பிடிக்கும்; கறள் பிடித்த கம்பி பருக்கும்; பருத்து, சீமெந்தை உள்ளேயிருந்து பிளக்கும். அதற்கு மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். மணலை அரித்து, பாதியாக வெட்டிய பீப்பாயில் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி வடிக்க வேண்டும். மூன்று தரம். முதல் தண்ணீர் அழுக்குக்கு, இரண்டாம் தண்ணீர் உப்புக்கு, மூன்றாம் தண்ணீர் சந்தேகத்துக்கு என்பார். மூன்றும் வடிந்த பிறகு ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். துப்பிவிட்டு "போடு" என்றால் குழைக்கலாம். ஒன்றும் பேசாமல் பீப்பாயைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் இன்னொரு தரம் கழுவ வேண்டும்.

ஒரு தரம் கழுவப் பதினாறு குடம் தண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு கோயிலடியில், ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், தூரத்தில் இருந்தது. நாலு பெண்கள் ஆளுக்கு நாலு நடை நடந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் பாக்கியம். என் அப்பாவைப் போலவே மலையிலிருந்து வந்த குடும்பம். பிள்ளையை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லாததால் ஒரு வயது மகளை ஓர் இடுப்பிலும் குடத்தை மற்ற இடுப்பிலும் வைத்துக்கொண்டு வருவாள். மாஸ்டர் கீறியது அவளைத்தான். அந்தப் பிள்ளைதான் இன்றைய யாழினி ரீச்சர்.

கால், உடம்பு, தலை, வலக்கை எல்லாம் ஒழுங்காக மூன்று தண்ணீர் கண்ட மணலில் செய்தவை. கடைசியாக இடக்கையும் குழந்தையும் மிச்சம். அந்த வாரம் வெயில் கொளுத்தியது. கோயில் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய், வாளிக்குப் பாதிதான் ஏறியது. மாஸ்டர் மலேரியாக் காய்ச்சலில் சாக்குக்கட்டிலில் கிடந்தார். இரண்டாம் தண்ணீர் வடிந்தபோது மத்தியானம். பாக்கியம் கடைசிக் குடத்தை இறக்கிவிட்டு, பிள்ளையை இறக்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெடித்திருந்தது. பிள்ளை இடுப்பிலிருந்தபடியே அவளுடைய நனைந்த சீலையின் ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

இன்னும் பதினாறு குடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போதும் பாக்கியம், வீட்ட போ" என்றேன்.

கொட்டிலுக்குள் போனேன். மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "மூண்டும் முடிஞ்சுதோ?"

"ஓம் மாஸ்டர்."

"எனக்கு நாக்கு முழுக்கக் காய்ச்சல் குளிசைக் கசப்பு. ஒண்டும் பிடிபடாது. நீ வைச்சுப் பாத்தனியோ?"

"பாத்தன் மாஸ்டர். உப்பில்லை."

"அப்ப போடு."

நான் நாக்கில் வைக்கவே இல்லை. வைத்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். நாற்பது வருட வேலையில் நான் சொன்ன பெரிய பொய் இதுதான், அதுவும் என்னை நம்பித் தன் நாக்கின் வேலையைத் தந்த மனிதனிடம்.

சிலை எழும்பியது. அதற்குப் பிறகு அந்தச் சந்தியால் எத்தனையோ தரம் சனம் பாயும் சட்டியும் பெட்டியுமாகப் போனது. அவள் காலடியில் சுமையை இறக்கி வைத்துக் களையாறுவார்கள். ஒரு முறை ஒரு கிழவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்து, "உவா மட்டும் இறக்க மாட்டாவாம்" என்று முணுமுணுத்துவிட்டு, தன் மூட்டையைத் தூக்கிக் கரியரில் வைத்துக்கொண்டு நடந்தார். அதைக் கேட்ட அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. மறுநாளே ஏணி வைத்துப் போய் இடக்கையைத் தடவிப் பார்த்தேன். ஏழெட்டு வருடத்தில், மணிக்கட்டுப் பக்கம், நூல் மாதிரி ஒரு கறள் கோடு தெரிந்தது. யாரும் பார்க்குமுன் சீமெந்துப் பால் கரைத்துப் பூசி மறைத்தேன்.

அந்தப் பூச்சுக் காயுமுன், ஒரு மாதம் இருக்கும், சந்தியில் ஷெல் விழுந்தது. யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. சிலையடியில் விளையாடிக்கொண்டிருந்தவள். புகைக்குள் ஓடிப்போன பாக்கியம், சிலையின் இரண்டு காலுக்கும் இடையில் குந்தியிருந்த பிள்ளையைக் கீறல் இல்லாமல் தூக்கினாள். அடுத்த நாளே ஊர் எழும்பி ஓடியது. ஓட்டத்தின் முடிவில் பாக்கியத்துக்குப் புருஷன் இல்லை. எனக்கு மாஸ்டர் இல்லை. எந்த இடத்தில் அவரைத் தவறவிட்டேன் என்றுகூட எனக்குத் தெரியாது.

முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பட்டறையில் செய்த மற்றச் சிலைகள் ஒன்றும் இல்லை. அந்த இடங்களில் இப்போது வேறு ஆட்கள் எழுப்பிய வேறு நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது அவற்றை ஒரு மேசனாக மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன். அவற்றின் மணல் நல்ல மணல். எங்கள் சந்திப் பெண் மட்டும் தப்பியிருந்தாள். யாரோ நெற்றியில் குங்குமம் அப்பிவிட்டிருந்தார்கள். இடிக்க வந்தவர்கள் அம்மன் என்று நினைத்து விட்டுவிட்டார்களாக்கும். இடக்கை வெடித்திருந்தது. பாக்கியம் அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். "என்ர பிள்ளைக்கு வந்ததை இவா வாங்கியிருக்கிறா அண்ணை" என்றாள். தன் சீலையில் ஒரு துண்டு கிழித்து அந்தக் கையில் கட்டினாள். முதல் சீலைத் துண்டு அதுதான்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்து நிற்கிறவளிடம் அது உப்பு என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பிறகு வீட்டுத்திட்ட வேலை வந்தது, கிணற்று வளையம் வார்க்கிற வேலை வந்தது, வயது வந்தது. "காயத்தோடு நடக்கும் தாயைச் செய்த கலைஞர்" என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். வெட்கம் கெட்டுப்போய் அதையும் போர்த்திக்கொண்டு நின்றேன்.

துண்டு விழுந்த வாரம் யாழினி வீட்டுக்கு வந்தாள். "மாமா, நீங்கள்தான் திருத்தித் தரோணும். ஆனா காயம் மறையக்கூடாது. பக்கத்தில கல்லில எழுதி வைக்கப் போறம்."

"உள்ளுக்குள்ள கம்பி போயிருக்கும் பிள்ளை. கையை வெட்டித் திறக்காமல் ஒண்டும் செய்யேலாது."

"அப்ப அந்த ஷெல் துண்டு உள்ளுக்குள்ள இருக்குமோ? அம்மாவுக்குச் சொன்னா அவா எடுத்து வைச்சிருப்பா."

அவள் போன பிறகு நான் வீட்டுக்கும் வாசல் படலைக்குமாக நடந்தேன். என் மேசையில் கடதாசி பறக்காமல் வைக்கிற ஒரு ஷெல் துண்டு கிடந்தது. வன்னியில் எந்த முற்றத்தைக் கொத்தினாலும் கிடைக்கிற சாமான். வேலை தொடங்குகிற காலையில் அதை எடுத்துச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். உள்ளேயிருந்து எடுத்தேன் என்று கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. கையும் உறுதியாகும், கதையும் உறுதியாகும்.

சந்தியில் பாக்கியம் எனக்கு முன்பே வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தட்டம். தட்டத்தில் மஞ்சள் துணி விரித்திருந்தது, துண்டை வாங்க.

ஏணியில் ஏறிச் சீலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து யாழினியிடம் கொடுத்தேன். கிரைண்டரால் வெட்டி, உளியால் திறந்தேன். கம்பி இருந்த இடத்தில் கறள், பாளம் பாளமாக, புளிச்சக்கை மாதிரி. நடுவில் குடைக்கம்பி அளவுக்கு மெலிந்த ஒரு கம்பி மிச்சம். வேறு ஒன்றும் இல்லை. இருந்துவிடாதா என்று நான் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த தூளை அரிதட்டில் போட்டு அரித்தே பார்த்தேன்.

"துண்டு இருக்கோ அண்ணை?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பொக்கற்றுக்குள் கையை விட்டேன். இரும்பு என் உடம்புச் சூட்டில் சூடாகியிருந்தது. மற்றக் கையில் உடைத்த சாந்துத் தூள் ஒரு சிட்டிகை இருந்தது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அன்று வைக்காமல் விட்ட சிட்டிகையை அந்த இடத்தில் நாக்கில் வைத்துக் கண்ணை மூடினேன். இத்தனை மழைக்குப் பிறகு உப்பு இருக்குமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு உப்புக் கரித்தது.

இறங்கி வந்து பாக்கியத்தின் முன்னால் நிலத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானத்தை, மாஸ்டரின் காய்ச்சலை, நான் சொன்ன பொய்யை, சீமெந்துப் பால் பூசியதை. பொக்கற்றிலிருந்த துண்டை எடுத்துத் தட்டத்தில் வைத்து, இதைக் காட்டி ஏமாற்ற இருந்ததையும் சொன்னேன்.

அவள் துண்டைத் தொடவில்லை. "எங்கட முத்தத்திலயும் உது கிடக்குது" என்றாள். பிறகு, "அப்ப ஷெல் படவே இல்லையோ?"

"இந்தக் கையில படேல்லை."

"இவ்வளவு வருசமா நான் உங்கட கறளுக்கோ சீலை கட்டினனான்?"

யாழினி, "அம்மா" என்று தோளைத் தொட்டாள். பாக்கியம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முகம் சிவந்திருந்தது. எனக்கு அவளுடைய கோபத்தைவிட, அது எப்போது அழுகையாகும் என்பதுதான் பயமாக இருந்தது. அது அழுகையாகவில்லை.

"ஏன் மூண்டாந்தரம் கழுவேல்லை?"

"நீ பிள்ளையோட களைச்சுப்போய் நிண்டாய். இன்னும் தண்ணி கொண்டா எண்டு கேக்க எனக்கு மனம் வரேல்லை."

பாக்கியம் எழும்பினாள். சிலையை நிமிர்ந்து பார்த்தாள், மாஸ்டர் பார்க்கிற மாதிரியே, காலிலிருந்து தலைவரை.

"இது ஆரைப் பாத்துச் செய்தது?"

"உன்னைப் பாத்துத்தான்."

"எவ்வளவு பாரமும் தூக்குவாள் எண்டு காட்டத்தானே செய்தனீங்கள்?"

"ஓம்."

"அப்ப என்னட்டக் கேட்டிருக்கலாமே. ஏலாதெண்டு நான் ஒருக்காலாவது சொன்னனானே?"

அவள் தட்டத்தைச் சிலையின் அடிக்கட்டில் வைத்துவிட்டுச் சீலையை இழுத்துச் செருகினாள்.

"இப்ப என்ன செய்யோணும்?"

"திறந்த இடத்தை நல்ல தண்ணியால கழுவி உப்பை எடுக்கோணும். பிறகுதான் புதுக் கம்பி."

"எத்தினை தரம்?"

பக்கத்துக் கடையில் குழாய் இருந்தது. மோட்டர் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். "மூண்டு தரம்" என்றேன்.

தாயும் மகளும் கோயில் கிணற்றுக்குப் போய்க் குடத்தில் அள்ளி வந்தார்கள். நான் ஏணியில் நின்று ஊற்றினேன். மூன்றாம் தண்ணீர் வடிந்து முடிந்ததும் பாக்கியம் என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் ஏணியில் ஏறினாள். கையின் உட்சுவரை நகத்தால் சுரண்டி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

துப்பிவிட்டு இறங்கி வந்தாள். ஒன்றும் பேசாமல், கீழே நின்ற வெறும் வாளியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன்.